மருதுபாண்டி வராத செவ்வாய்க்கிழமைகள்

அக்காள்மடத்தில் கடல்பாசி வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் உமையாள் கணக்குப் பார்த்தாள். ஆபீசில் நான்கு கம்ப்யூட்டர்கள். இரண்டாயிரத்து ஏழில் யாரோ கேம் ஏற்றப்போய், வைரஸ் புகுந்து நான்கும் படுத்துவிட்டன. அன்றோடு முதலாளி முஹைதீன், ஆபீசில் யாரும் எதையும் ஏற்ற முடியாதபடி செய்யச் சொல்லிவிட்டார். அட்மின் பாஸ்வேர்டு மருதுபாண்டியிடம் மட்டும் இருந்தது. ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்ப்பவன்.

ஆனால் அப்டேட் வந்துகொண்டே இருந்தது. கணக்கு சாஃப்ட்வேர் பாஸ்வேர்டு கேட்கும், ஆண்டிவைரஸ் கேட்கும். அதைத் தட்டுவதற்காகவே செவ்வாய்க்கிழமைதோறும் அவன் பஸ் ஏறி வருவான். உமையாளின் நாற்காலியில் அவன் உட்கார்ந்ததும் அவள் எழுந்து, பாஸ்வேர்டைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொள்வாள். அப்டேட் ஏறும்வரை பேச நேரம் இருக்கும். இரண்டு பேரும் கடலை விட்டு உள்ளே தள்ளிய ஊர்களின் வெள்ளாமைக் குடும்பத்துப் பிள்ளைகள். மழை, மிளகாய், அவன் அய்யாவின் கால்வலி என்று பேசுவார்கள். வேறு எதையும் பேசியதில்லை. ஆனாலும் திங்கட்கிழமை சாயங்காலமே உமையாள் மறுநாளுக்கான சேலையை எடுத்து வைத்துவிடுவாள்.

ஒரு செவ்வாயன்று முதலாளி அலுத்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க வர்ற வரைக்கும் வேலை கெடக்குது. இவங்களுக்கும் பாஸ்வேர்டு குடுக்கக் கூடாது, அப்டேட்டும் தானா ஏறணும். வழி இருக்கா?"

மருதுபாண்டி உமையாளை ஒரு தரம் பார்த்துவிட்டு "இருக்கு முதலாளி" என்றான்.

அன்று முழுக்க உட்கார்ந்து வேலை செய்தான். முடித்ததும் உமையாளுக்குக் காட்டினான்.

"யாருக்கும் அதிகாரம் குடுக்கல. அந்த மூலையில இருக்கிற மிஷினு மட்டும் அப்டேட்ட வாங்கி வச்சுக்கிரும். மத்த மிஷினுக்கு அதுவே போட்டு விட்டுரும். உங்களக் கேக்காது."

"அப்ப பாஸ்வேர்டு அடிக்க யாரும் வர வேணாமா?"

"வேணாம்."

"இப்படி ஒரு வழி இருக்குன்னு எப்ப தெரியும்?"

"போன வருசமே தெரியும்."

"பெறகு ஏன் செய்யல?"

அவன் கேபிளைச் சுருட்டிப் பையில் வைத்தான். "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு வருசமாக அவன் ஏன் அதைச் செய்யவில்லை என்பது பஸ் சத்தம் ஓய்ந்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

அடுத்த செவ்வாய் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கம்ப்யூட்டர்கள் ஒரு குறையும் இல்லாமல் ஓடின. வாசலில் பஸ் நின்றால் உமையாளின் தலை தானாக நிமிரும். ஒரு மத்தியானம் மூலை மிஷினின் கேபிளைப் பிடுங்கிவிடலாமா என்று கையை வைத்தாள். அவன் நாளெல்லாம் உட்கார்ந்து செய்த வேலை. கையை எடுத்துக்கொண்டாள்.

மழைக்காலம் தொடங்கியபோது கடைக்குப் போன் செய்தாள். அவன் மெட்ராஸில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டானாம். நம்பர் கொடுத்தார்கள். இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் கூப்பிட்டாள்.

"உமையாள் பேசுறேன். அக்காள்மடத்துலருந்து."

"என்னங்க, மிஷினு நின்னுருச்சா?"

"இல்ல. எல்லாம் நல்லா ஓடுது."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

"அதச் சொல்லத்தான் கூப்பிட்டீங்களா?" என்றான் கடைசியில்.

"ஆமா." பிறகு, "செவ்வாக்கெழமை ஆபீசே ஆபீசா இல்ல" என்றாள்.

"இங்கனயும் அப்படித்தாங்க." அவன் குரல் தணிந்திருந்தது. "பொங்கலுக்கு ஊருக்கு வாரேன். வர்ற வழியில ஆபீசுக்கு ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறேன்."

மெட்ராஸிலிருந்து வந்தால் அவன் ஊருக்குப் பரமக்குடியிலேயே இறங்க வேண்டும். அக்காள்மடம் அங்கிருந்து இன்னும் வெகுதூரம், பாம்பன் பாலத்துக்கும் அப்பால்.

"வாங்க" என்றாள் உமையாள். "வழியிலதான இருக்கு."