போகலாம் என்று சொன்னவள்

அவளுடைய மாமனார் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். "வேலையில சேர்ந்த நாள்லேர்ந்து மேலயும் கீழயும்தான் போயிருக்கேன். பக்கவாட்டுல எங்கயும் போனதில்ல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதைக் கேட்டுக் கேட்டு, கட்டிக்கொடுத்த ஊரில் இருந்த மகள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். எடுத்த நேரமோ என்னவோ, கப்பல் கிளம்புவதற்குள் புதுசாக ஒரு காய்ச்சல் கிளம்பிவிட்டது. நெஞ்சைப் பிடிக்கிற காய்ச்சல். வயதானவர்களைத் தேடித் தேடிப் பிடித்தது.

கப்பல் கம்பெனி பயணத்தை ரத்து செய்யவில்லை. தகுந்த பாதுகாப்போடு குறித்த நாளில் கிளம்பும் என்று செய்தி அனுப்பியது. போகலாமா, வேண்டாமா என்பதே வீட்டில் பேச்சாகிப்போனது. மாமனாருக்கு மனசில்லை. மாமியாருக்கோ மனசு முழுக்கக் கடலில். மகன் அம்மா பேசும்போது அம்மாவுக்கும், அப்பா பேசும்போது அப்பாவுக்கும் தலையாட்டினான். கடைசியில் எல்லோரும் மருமகளைப் பார்த்தார்கள். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், அதற்கென்று படித்தவள். அந்த வீட்டில் யார் தும்மினாலும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

அன்று காலையில்தான் கடைக்கு ஒரு பெரியவர் வந்திருந்தார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போகப்போவதாகச் சொல்லி முகக்கவசம் கேட்டார். "போகாதீங்க ஐயா. இந்த வயசுல மூடின இடத்துல கூட்டத்தோட உட்கார்றது நல்லதில்ல. வாழ்த்த போன்ல சொல்லிடுங்க" என்று அவள் எடுத்துச் சொன்னாள். அவர் முகக்கவசத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

ராத்திரி சாப்பிடும்போது மாமியார் கேட்டார். "நீ சொல்லும்மா. நீ வேண்டாம்னா வேண்டாம்."

அந்த வீடு சின்ன வீடு. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவதாகக் காற்றுக்கூட உள்ளே வர யோசிக்கும். மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் மருமகள் கழுவி வைத்த பாத்திரத்தை இன்னொரு தடவை கழுவுவார். அடுப்பை அவள் கூட்டி வைத்தால் வந்து குறைப்பார், குறைத்து வைத்தால் கூட்டுவார். வாய் திறந்து ஒரு குறை சொல்லமாட்டார். சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரே உறையில் இரண்டு கத்தி. கப்பல் டிக்கெட் வந்த நாளிலிருந்து மருமகள் மனசுக்குள் அந்த வெறும் வீட்டில் குடியிருக்க ஆரம்பித்துவிட்டாள். கதவைத் திறந்து போட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்வது, பசித்தால் சமைப்பது, பாத்திரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வேலைக்குப் போவது. இப்போது அது கைநழுவப் பார்த்தது.

"போகலாம் அத்தை" என்றாள். "கப்பல்லயே டாக்டர் இருக்காங்க. கடல் காத்து வேற. பார்க்கப்போனா இங்க மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வர்றதுதான் ஆபத்து."

சொல்லும்போது மாமியாரைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டாள். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அடுத்த வருஷம் போனா ஆகாதா?" என்றார் மாமனார்.

"அவளே சொல்லிட்டா, அப்புறம் என்ன?" என்றார் மாமியார். பேச்சு அதோடு முடிந்தது.

அவள் பெட்டியில் மருந்துகளை அடுக்கினாள். காய்ச்சலுக்கு, இருமலுக்கு, வாந்திக்கு, வயிற்றுக்கு என்று ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டினாள். மாமனார் பார்த்துவிட்டு, "கப்பல்ல கடை போடச் சொல்றியாம்மா?" என்றார். அவள் சிரித்தாள். அவர் நல்ல மனிதர். அவரோடு அவளுக்கு எந்த வழக்கும் இல்லை.

முதல் சில நாட்கள் அவள் நினைத்தது போலவே இருந்தன. இன்னும் மறைக்காமல் சொன்னால், நினைத்ததைவிட நன்றாகவே இருந்தன. கணவன்கூட, "என்ன, பாட்டெல்லாம் வருது?" என்று கேட்டான். கப்பலிலிருந்து படங்கள் வந்தன. மேல்தளத்தில் மாமியார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார். மாமனார் கப்பலின் லிப்ட் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

பிறகு ஒரு நாள் மதியம் கடையில் இருந்த டிவியில் அந்தக் கப்பலின் பெயரைச் சொன்னார்கள். உள்ளே பலருக்குக் காய்ச்சலாம். எந்தத் துறைமுகமும் ஏற்றுக்கொள்ளவில்லையாம். பயணிகள் யாரும் அறையைவிட்டு வெளியே வரக் கூடாதாம். அவள் கையில் ஒருவருடைய மருந்துச்சீட்டு இருந்தது. அதை எத்தனை தடவை படித்தும் எழுத்து மனசில் ஏறவில்லை.

மாமியார் போனில் சாதாரணமாகத்தான் பேசினார். "சாப்பாடெல்லாம் கதவுகிட்டயே கொண்டுவந்து வைக்கிறாங்க. ஒண்ணும் குறையில்ல. அவருக்குத்தான் லேசா இருமல்."

"எப்பலேர்ந்து அத்தை?"

"முந்தாநாள்லேர்ந்து. நீ குடுத்த மாத்திரையத்தான் குடுக்கறேன். நீ இவ்வளவு முன்யோசனையா வச்சியே."

அவள் போனை வைத்துவிட்டு மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். அந்தக் கல்யாணத்துக்குப் போகவிருந்த பெரியவர் இப்போது வீட்டில் பத்திரமாக இருப்பார். முன்பின் தெரியாத மனிதருக்கு உண்மையைச் சொன்ன அதே வாய் இது.

மாமனாரைக் கப்பலிலிருந்து இறக்கி, பாஷை தெரியாத ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாமியாரை உடன் விடவில்லை. எங்கோ ஒரு விடுதி அறையில் அடைத்து வைத்தார்கள். போனில் மகள் அழுதாள். "டிக்கெட் எடுத்தது நான்தானே அண்ணி. எல்லாம் என்னாலதான்." அவளைத் தேற்ற மருமகளிடம் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. "அப்படியெல்லாம் இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

மாமனார் பிழைத்தாரே, அதுவரைக்கும் சரி. ஆனால் கப்பலேறிப் போனவர் வேறு, வீட்டுக்கு வந்தவர் வேறு. கட்டில் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. கூடத்திலிருந்து குளியலறை வரை நடந்தாலே நாற்காலி தேடினார். நுரையீரலில் விழுந்த தழும்பு ஆறாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். "நான் போகலாம்னு சொன்னது தப்புங்க."

"நீ நல்லதுக்குத்தானே சொன்ன. உனக்கென்ன ஜோசியமா தெரியும்?" என்று முதுகைத் தட்டிக் கொடுத்தான். நல்லதுக்குச் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். அவன் தட்டிய இடம் இரண்டு நாள் எரிந்த மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமனார் தூங்கிக்கொண்டிருந்தபோது, மாமியாரும் மருமகளும் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். விரிப்பின் இரண்டு முனைகளை அவரும் இரண்டு முனைகளை அவளும் பிடித்து உதறினார்கள்.

"அத்தை, அன்னிக்கு நான் மனசறிஞ்சுதான் சொன்னேன். போகக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். காலையில கடையில ஒருத்தருக்கு வேற மாதிரி சொல்லிட்டு வந்தேன். கொஞ்ச நாள் வீடு எனக்கே எனக்குன்னு இருக்கணும்னு தோணுச்சு. அதனால சொன்னேன்."

மாமியார் விரிப்பைக் கொடியில் போட்டார். சுருக்கத்தை நீவினார். ரொம்ப நேரம் நீவினார்.

"எனக்கும் தெரியும்மா" என்றார் கடைசியில். "நீ சொல்லும்போது என் முகத்தப் பாக்கல. வெளங்கிடுச்சு."

"அப்புறம் ஏன் அத்தை போனீங்க?"

"எனக்கு மட்டும் என்ன? நான் என்ன செஞ்சாலும் நீ பல்லக் கடிச்சிட்டு நிப்ப. ஒரு பத்து நாளாவது உன் மூஞ்சியப் பாக்காம இருக்கலாம்னுதான் கிளம்பினேன்." குரலில் கோபம் இல்லை. "அவர் வேண்டாம் வேண்டாம்னாரு. நான்தான் உன் வாயால சொல்ல வச்சு, அதக் காட்டி அவர இழுத்துட்டுப் போனேன்."

மருமகளுக்கு அழுகை வந்தது. பாரம் இறங்கிய அழுகை இல்லை. பாரத்தைத் தூக்க இன்னொருத்தர் இருக்கிறார் என்று தெரிந்தால் பாரம் குறையும் என்பார்கள். அவளுக்கு அப்படி ஒன்றும் குறையவில்லை. நடுவில் ஒன்றுமறியாமல் மாட்டிக்கொண்ட அந்த மனிதரைத்தான் நினைத்தாள்.

"மாமாகிட்ட சொல்லிடட்டுமா?"

"வேண்டாம்" என்றார் மாமியார் சட்டென்று. "நான் கடல் பாக்க ஆசைப்பட்டுத்தான் அவரக் கூட்டிட்டுப் போனேன்னு நினைச்சிட்டிருக்காரு. நம்ம மனசு லேசாகறதுக்கு அவர்கிட்டேர்ந்து அதயும் புடுங்கணுமா?"

அவள் காலி வாளியை எடுத்துக்கொண்டாள். கீழே இறங்கும்போது மாமியார் கைப்பிடியைப் பிடித்து நிதானமாக இறங்கினார். அவளும் பின்னாலேயே இறங்கினாள்.

இப்போதெல்லாம் வெயில் தாழ்ந்ததும் இருவரும் மாமனாரைத் தெருவில் கொஞ்ச தூரம் நடத்திக் கூட்டிப் போகிறார்கள். இரண்டு வீடு தாண்டியதும் அவர் நிற்பார். எதிரே வருகிறவர் யாராவது நலம் விசாரித்தால் மூச்சை விட்டு விட்டுப் பேசுவார். "கடல்னா... அப்படி ஒரு கடல். நம்ம மருமக மட்டும் தைரியம் சொல்லலன்னா... பாக்காமயே போயிருப்பேன்."

விசாரித்தவர் மருமகளைப் பார்த்துப் புன்னகைப்பார். அவளும் புன்னகைப்பாள். மாமியார் தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மாமனாருக்கு மூச்சு சீரானதும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மெல்ல வீட்டுப் பக்கம் திருப்புவார்கள்.