இரண்டுக்கும் ஒரே சுவர்

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பழைய வீட்டைக் கண்டால் வாய் பிளக்கத் தெரிகிறது. சுவர் வாய் பிளந்தால் மட்டும் கண்ணில் படுவதில்லை. மகளைப் பார்க்க வந்த பெரியவரின் கண்ணில் அது முதல் நாளே பட்டுவிட்டது.

மருமகன் போதகர். சபை அவருக்குக் கொடுத்திருந்த வீடு தாத்தா காலத்துக்கும் முந்தியது. ஜெபக்கூடத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டுக்கும் ஒரே சுவர். ஜெபக்கூடத்தில் ஆட்கள் உட்காரும் மேல்மாடத்தைத் தாங்கும் உத்தரம் அந்தச் சுவரைத் துளைத்து வந்து, வீட்டு மாடியறைக்குள் முழ நீளத்துக்குத் தலையை நீட்டியிருந்தது. அதற்கு நேர் கீழே மகளின் கட்டில், பச்சைப் பிள்ளையோடு. முன்னொரு காலத்தில் நோயில் கிடந்த போதகர் ஒருவர் படுத்தபடியே ஆராதனையைக் கேட்பதற்காக, அதே சுவரில் ஒரு சின்ன ஜன்னலும் வைத்திருந்தார்கள்.

"கட்டிலை அந்தப் பக்கம் போடும்மா."

"அங்க ஒழுகுதுப்பா. வந்ததுலேர்ந்து இதே பாட்டா?"

ஞாயிறு காலை. கீழே ஆராதனை, மேலே தாயும் பிள்ளையும் அசந்து தூங்கினார்கள். பெரியவர் காவல். பாட்டுக்காக மேல்மாடத்துக் கூட்டம் எழுந்தது. உத்தரம் முனகியது. அதன் தலை ஒரு விரற்கடை உள்ளே போய், மறுபடி வெளியே வந்தது. பிள்ளையின் நெற்றியில் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது.

 பெரியவர் பிள்ளையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலைத் தள்ளித் திறந்தார்.

"உட்காருங்கய்யா! எல்லாரும் உட்காருங்க! இடியப் போகுது!"

மிரண்டுபோன சபை ஒரே நேரத்தில் பொத்தென்று உட்கார்ந்தது. வீடே ஒரு குலுக்கு குலுங்கியது. உள்ளங்கை அகலக் காரை பெயர்ந்து, பிள்ளை கிடந்த தலையணையில் விழுந்தது. மகள் அலறிக்கொண்டு எழுந்தாள்.

மருமகன் அங்கியோடு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மாமா, சபையையே கதிகலங்க வெச்சிட்டீங்களே! அந்த மரம் அசையணும்னுதான் சுத்தி இடம் விட்டுக் கட்டியிருக்காங்க. இறுக்கிப் பூசினாதான் சுவர் வெடிக்குமாம். இன்ஜினியரே சொல்லிட்டாரு."

"இது பிள்ளை தலையில விழுந்திருந்தா, இன்ஜினியர் வந்து தாலாட்டுவாரா மாப்பிள்ளை?"

 மருமகன் கட்டிலை எதிர்ச்சுவருக்கு இழுத்துப் போட்டு, ஒழுகும் இடத்தில் ஒரு வாளியை வைத்தார்.

"என்னோட கிளம்பும்மா."

"இவரை விட்டுட்டா? போங்கப்பா."

பிள்ளையை அவர் பிடியிலிருந்து மகள்தான் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. 

பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். மரம் அசையணுமாம். அசைந்தால்தான் சுவர் நிற்குமாம். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்? ஜெபக்கூடத்துக்குள் மறுபடி பாட்டு கிளம்பியது. கூட்டம் எழுந்திருக்கும் சத்தம். பெரியவர் சட்டென்று எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினார்.