ஐம்பத்திரண்டும் ஒரே திசையில்

இருபத்தொன்பது மணி நேரமாக அவள் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். கட்டுரையை அனுப்பக் கடைசி நேரம் மாலை ஐந்து. இப்போது மணி நான்கு.

பக்கத்து மேசையில் அக்கா காலை ஆட்டிக்கொண்டே தலைப்பைத் திருத்திக்கொண்டிருந்தாள். உடன்பிறந்தவள் இல்லை, ஆய்வுக்கூடத்தில் நான்கு வருடம் மூத்தவள். திங்கட்கிழமை அக்காவுக்கு வேலைக்கான நேர்காணல். இதற்கு முன் மூன்று இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். இந்தக் கட்டுரை கூட இருந்தால் கிடைத்த மாதிரிதான்.

கட்டுரை ஐம்பத்திரண்டு இளம் நட்சத்திரங்களைப் பற்றியது. ஒரே மேகத்தில் பிறந்து, இன்னும் பிரியாமல், ஒரே திசையில் ஒரே வேகத்தில் போகிறவை. அக்கா அதற்கு 'ஸ்கூல் வேன்' என்று பெயரே வைத்துவிட்டாள். கண்டுபிடித்தது இளையவளான இவள். நேற்றுக் காலை பதினொரு மணிக்கு, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று கண்டுபிடித்ததும் இவள்தான்.

தப்பு கணினி நிரலின் ஒரே வரியில். வானத்தின் நெடுக்குக் கோடுகள் துருவத்தை நெருங்க நெருங்க ஒன்றையொன்று நெருங்கும். அதற்காக நட்சத்திரத்தின் கிழக்கு மேற்கு நகர்வை ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். நட்சத்திரப் பட்டியலைத் தயாரித்தவர்கள் பெருக்கியேதான் கொடுத்திருந்தார்கள். அடிக்குறிப்பைப் படிக்காமல் இவளும் பெருக்கினாள். ஒருத்தி உப்புப் போட்டது தெரியாமல் இன்னொருத்தியும் போட்ட கதை. துருவத்தின் அருகே இருந்தவற்றின் வேறுபாடெல்லாம் நசுங்கி, ஒன்றுபோலத் தெரிந்தன. அந்த வரியை அழித்து நிரலை மறுபடி ஓட்டிப் பார்த்தால் ஏழுதான் சேர்ந்து போயின. மற்றவை ஆளுக்கொரு பக்கம்.

ஐந்தாவது தடவையாகத் தண்ணீர் குடிக்க எழுந்தாள்.

"என்னடி, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்திக்கிட்டே இருக்க?"

"ஒண்ணுமில்லக்கா."

"அப்போ உக்காரு. உன்னப் பாத்தா எனக்கு எழுத்தே ஓடல. ஐம்பத்திரண்ட எழுத்துல போடவா, எண்ணுல போடவா?"

"எது வேணாலும்..."

அக்காவின் கைப்பேசி அடித்தது. "ஆமாம்மா, இந்தத் தடவ கெடச்சிடும். எல்லாம் நம்ம சின்னவ பண்ணதுதான். கெட்டிக்காரி. வாயத் தொறந்தா முத்து உதிந்துடும்னு பயம், அவ்வளவுதான்!"

அக்கா இவளைப் பார்த்துக் கண்ணடித்தாள். இவள் பேனா மூடியைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள்.

சொல்லாவிட்டால் வேலை கிடைத்துவிடும். அப்புறம் யாராவது சரிபார்ப்பார்கள். கட்டுரையில் முதல் பெயர் அக்காவுடையது.

நான்கு ஐம்பதுக்கு அக்கா விரல்களைச் சொடக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். "அனுப்பப் போறேன். ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு. அப்புறம் வந்து தலையச் சொறியாத."

இவள் எழுந்து போய் மவுஸின் மேல் கையை வைத்தாள்.

"ஏய், என்ன?"

"அனுப்பாதக்கா. அந்தக் கூட்டமே கிடையாது. ஏற்கெனவே பெருக்கினத நான் திரும்பவும் பெருக்கிட்டேன். நேத்துக் காலையிலிருந்தே எனக்குத் தெரியும்."