முள் நின்ற இடம்

"மெதுவா நோலீன், உங்க பக்கம் சாயுது பாருங்க" என்று சொல்லிக்கொண்டே முர்ரே பின்பக்கமாக நடந்து மண்டபத்துப் படி ஏறினார். சற்று முன் நோலீனின் கணவர் ரெக்ஸின் சவப்பெட்டியை வண்டியிலிருந்து இறக்கி மண்டபத்தில் வைத்தபோதுகூட மனிதர் இப்படிப் பதறவில்லை. இருவர் கையிலும் இருந்தது ரெக்ஸின் ரெக்கார்டு பிளேயர்.

ஓமரு ஊர் இசைத்தட்டுச் சங்கத்தில் அது வழக்கம். உறுப்பினர் யார் போனாலும் அவருடைய சொந்த பிளேயரைக் கொண்டுவந்து, அவர் விட்டுப்போன நிலையிலேயே அவருக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போடுவார்கள். அதற்குப் பிறகுதான் தேவாலயப் பாட்டுக்குழு, பாதிரியார் எல்லாம். ரெக்ஸுக்கோ சங்கத்தில் தனி மரியாதை. யார் வீட்டில் பாட்டு கரகரத்தாலும் அவருக்குத்தான் போன் வரும். போன வாரம் உருளைக்கிழங்குப் பாத்தியில் குனிந்தவர் நிமிரவேயில்லை. நோலீன் தேநீரோடு போய்க் கூப்பிட்டாள், கூப்பிட்டாள், அப்புறம் கோப்பையை மண்ணில் வைத்தாள். அன்றிலிருந்து அழுதுகொண்டுதான் இருக்கிறாள்.

மண்டபத்தில் இன்னும் கூட்டம் சேரவில்லை. சமையலறையில் யாரோ சீஸ் ரோல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முர்ரே மேசைமேல் பிளேயரை வைத்து, மட்டம் பார்த்து, ஆடாமல் கட்டியிருந்த பிளேயரின் கையை அவிழ்த்தார். முள்ளைத் தாங்கும் அந்த மெல்லிய உலோகக் கையை ரெக்ஸ் வீட்டில் எவரையும் தொட விட்டதில்லை. நோலீன் தூசி துடைக்கும்போதுகூட.

"கார்ல குலுங்கியிருக்கும். ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாம்" என்று முர்ரே தட்டைச் சுழலவிட்டார்.

அது இசைத்தட்டின் அந்தப் பக்கத்தில் கடைசிப் பாட்டு. பெண் குரல் நன்றாகத்தான் தொடங்கியது. முள் நடுவை நெருங்க நெருங்க, 'ஸ்' வரும் இடமெல்லாம் எச்சில் தெறிப்பதுபோல் இரைந்தது. நோலீன் பழக்கதோஷத்தில் கையால் காதை மூடிக்கொண்டாள்.

"அய்ய, இது என்ன இப்படி சீறுது" என்றார் முர்ரே.

நோலீன் கையை எடுத்தாள். "உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்காம? காது புண்ணாகுதே."

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை சாயங்காலம். அவள் "அந்த இரைச்சல்" என்பாள். ரெக்ஸ் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியபடி, "எனக்கு ஒண்ணும் கேக்கலையே நோல், உன் காதைக் காட்டு" என்பார். டனீடன் ஆஸ்பத்திரியில் காட்டினாள். மெஷின் வைத்துப் பார்த்து, காது நன்றாக இருக்கிறது என்றார்கள். "அந்த மெஷினுக்கு என்ன தெரியும்" என்றார் ரெக்ஸ். சங்கமே நம்பும் ஆள் சொல்லும்போது கட்டியவள் நம்பாமல் இருப்பாளா? அதற்கப்புறம் அவள் பாடிவந்த தேவாலயப் பாட்டுக்குழுவில் ஒவ்வொரு 'ஸ்'ஸிலும் அவளுக்குத் தடுமாற்றம். தன்னால் எல்லார் பாட்டும் கெடுகிறது என்று நினைத்தாள். முழங்கால் வலி என்று சொல்லி விலகிக்கொண்டாள்.

முர்ரே இதெல்லாம் அறியாமல் வேலையில் இருந்தார். முள்ளைத் துலக்கினார். எடை பார்த்தார். கையை வெளிப்பக்கம் இழுக்கும் எடையைக் கூட்டிக் குறைத்தார். கையின் உயரத்தை மாற்றினார். சீறல் போகவில்லை. கடைசியில் பையிலிருந்து உலோக அளவுத் தகடு ஒன்றை எடுத்துத் தட்டின் நடுக்கம்பியில் மாட்டி, முள்ளை அதன்மேல் இறக்கிக் குனிந்து பார்த்தார்.

"கார்ல நகரலை. திருகைப் பாருங்க, வருஷக்கணக்கா யாரும் தொடலை. முள்ளே பின்னால தள்ளி நிக்குது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "அட, இது அந்தக் காகித அளவு."

"எந்தக் காகிதம்?"

"முள் எங்க நிக்கணும்னு காட்டற அளவுக் காகிதம் ஒண்ணு ரெக்ஸ் கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்தாரு. அத வெச்சுத்தான் எங்க எல்லார் வீட்டு முள்ளையும் சரிபண்ணாரு. கம்ப்யூட்டர் தாளுக்கு அடங்கணும்னு படத்தைச் சுருக்கி அச்சடிச்சிருக்கு. மனுஷன் ஸ்கேல் வெச்சுப் பாக்கலை. எங்க எல்லாருக்கும் சீற ஆரம்பிச்சது. அப்புறம் அவரே கண்டுபிடிச்சு, இந்தத் தகட்டை வாங்கி, வீடு வீடா வந்து மாத்திக் குடுத்தாரு. ஒரே வெக்கம் அவருக்கு, டீகூடக் குடிக்கலை."

"எப்ப?"

"வெள்ளம் வந்து பாலம் போச்சே, அந்த வருஷம்."

நோலீன் பாட்டுக்குழுவை விட்டது அதற்கு மறுவருஷம்.

"எல்லார் வீட்டுலயும் மாத்தினாரா?"

"ஊர்க்கோடியில நம்ம கிழவர் ஐவன் வீடு வரைக்கும்..." முர்ரேயின் குரல் இறங்கியது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டார்.

தன் வீட்டு முள்ளையும் மாற்றியிருந்தால் சீறல் நின்றிருக்கும். நின்றிருந்தால், இத்தனை நாள் ஏன் இரைந்தது என்று அவள் கேட்டிருப்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, தினம் சாயங்காலம் தன் காதிலும் அந்த இரைச்சலை வாங்கிக்கொண்டு, ஒன்றும் கேட்கவில்லை என்று உட்கார்ந்திருந்திருக்கிறார். பாவி, என் காதையே எனக்கு எதிரியாக்கிவிட்டாயே என்று நினைத்தாள். திறந்த பெட்டியில் அவர் அதே மாதிரி கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

முர்ரே திருகைத் தளர்த்தி முள்ளை நகர்த்திப் பாட்டைப் போட்டார். 'ஸ்' ஒவ்வொன்றும் சுத்தமாக வந்து விழுந்தது. அவள் முழுசாகக் கேட்டாள்.

"இப்படியே இருக்கட்டும் நோலீன். யாருக்கும் தெரிய வேணாம்."

"பழையபடி வைங்க."

"சங்கத்து ஆளுங்க எல்லாம் வருவாங்க. ரெக்ஸ் பேரு என்ன ஆகும்?"

"அவர் விட்டுப்போனபடியேதானே போடணும்? அதானே உங்க வழக்கம்? வைங்க முர்ரே."

முள் இருந்த இடத்தில் தூசி படியாத தடம் இருந்தது. முர்ரே அதே தடத்தில் வைத்து முடுக்கினார்.

மண்டபம் நிறைந்ததும் பாட்டைப் போட்டார்கள். சீறல் தொடங்கியது. சங்கத்து ஆண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். முர்ரேயின் முகம் சிவந்துவிட்டது. படட்டும், நன்றாகக் காதில் படட்டும் என்று நோலீன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் வரிசையில் கிழவர் ஐவன் மட்டும் காதிலிருந்த கருவியைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினார். மாட்டினார். மறுபடி கழற்றி ஊதினார். பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்து, "இரையுதே, உனக்கு?" என்றார். காது மந்தமானவரின் ரகசியம். முன்வரிசை வரை கேட்டது.

அந்த மனிதர் செத்தவருக்கு மரியாதையாக, "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார்.

ஐவன் கருவியை மாட்டவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டார்.

நோலீன் எழுந்தாள். மேசைக்குப் போய், இத்தனை வருஷம் தொடாத அந்தக் கையை ஒரு விரலால் தூக்கினாள். பாட்டு நின்றது.

"ஐவன்" என்றாள் உரக்க. "உங்க காது நல்லாத்தான் இருக்கு. முள்ளுதான் தப்பு. ரெக்ஸுக்கு அது தெரியும்."

ஐவன் மெல்லக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டார்.

பாதிரியார் தொண்டையைச் செருமினார். பாட்டுக்குழு எழுந்து நின்றது. நோலீன் தன் நாற்காலிக்குத் திரும்பவில்லை. பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய், தாழ்குரல் பெண்கள் நிற்கும் வரிசையின் கடைசியில் நின்றாள். பக்கத்திலிருந்தவள் பாட்டுப் புத்தகத்தை இந்தப் பக்கம் நகர்த்திப் பிடித்தாள்.