கைக்கு ஒரு விலை

சின்ன காஞ்சிபுரத்தில் சிவபாலன் நடத்தும் மருந்துக்கடையில், ரத்தப் புற்றுக்கான மாத்திரை அட்டையின் விலை, வாங்குபவர் கை பட்ட பிறகுதான் அதில் அச்சாகும். இருப்பவர் கூடக் கொடுக்கட்டும், இல்லாதவர் குறையக் கொடுக்கட்டும் என்று அயல்நாட்டுக் கம்பெனி செய்த ஏற்பாடு. கோயில் பார்க்க வந்த ஜெர்மன்காரருக்கு அறுபதாயிரம். பட்டு நெய்யும் கலாவதிக்கு எண்ணூறு. தெரு கூட்டும் அம்சா வேடிக்கைக்குத் தொட்டபோது நாற்பது. யாரும் குறை சொல்லவில்லை. கலாவதியின் கணவர் பஞ்சாட்சரம் தினம் ஒரு மாத்திரையின் தயவில் மூன்று வருஷம் தறியில் உட்கார்ந்தார்.

முகூர்த்தப் புடவையைத் தறியிலிருந்து அறுத்தால், முதலாளியிடம் சேர்க்கும்வரை கீழே வைப்பதில்லை. மார்போடு அணைத்துக்கொண்டுதான் போவார்கள். ஐப்பசியில் ஒருநாள் அப்படிப் போகிற வழியில் கலாவதி கடையில் நின்றாள். அட்டையில் பதினெட்டாயிரம் என்று வந்தது.

“பொதையல் கெடைச்சுதா மா?” என்றார் சிவபாலன்.

“இது என்னுதா பா? கூலிக்கு நெய்யறோம்.”

“எனக்குத் தெரியுது. அட்டைக்குத் தெரியணுமே.”

புடவையைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து தொட்டாள். விலை இறங்கவில்லை. பஞ்சாட்சரம் தொட்டபோதும் அதே பதினெட்டாயிரம்தான்; ஒரு வீட்டுக்கு ஒரே விலை. ஏறிய கையை இறக்க விதியில் இடமில்லை என்று கம்பெனி பதில் எழுதியது. அம்சா நாற்பது ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தாள். கலாவதி கைக்கு மாறியதும் மாத்திரை சுண்ணாம்புத் தூளாயிற்று. ஆகவே அம்சாவே வந்தாள். அதுவரை அந்த வீட்டில் யாரும் அவளை உள்ளே வா என்று சொன்னதில்லை. இப்போது தினமும் காலை ஆறு மணிக்குத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, தறியில் இருக்கும் பஞ்சாட்சரத்தின் வாயில் தன் விரலால் மாத்திரையை வைத்தாள். முதல் நாள் அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மூடவில்லை. இரண்டு வருஷம் போயிற்று.

தை மாதம் அம்சாவின் மகன் லோகேஸ்வரனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை நிரந்தரமானது. அன்று மாலையே அம்சா கையில் அட்டை ஒன்பதாயிரம் காட்டியது. மறுநாள் வெறுங்கையோடு வந்தாள். பஞ்சாட்சரம் வழக்கம்போல வாயைத் திறந்து வைத்திருந்தார்.

“புள்ளைக்கு வேலை ஆயிடுச்சுக்கா,” என்றாள், தப்பு செய்துவிட்டவளைப் போல.

நல்லது என்றாள் கலாவதி. பிறகு, “உன்னைவிட இல்லாதவங்க யாராச்சும் இருக்கிறாங்களா அம்சா?” என்று கேட்டாள்.

அம்சா யோசித்தாள். “மாகறல்ல பூவம்மாள்னு ஒண்ணு இருக்குது. ஒண்டிக்கட்டை. மொதல் பஸ்ஸுக்கு வரச் சொல்றேன்.”

பூவம்மாள் கையில் பன்னிரண்டு ரூபாய் வந்தது. தினமும் வருகிறாள். அவளுக்கு எழுபத்தொரு வயது. அவள் இருமினால் கலாவதி தறியை நிறுத்திவிட்டு அந்த இருமலைக் காது கொடுத்துக் கேட்கிறாள்.