முப்பிடாதியின் அசல் நடை

சேர்க்கை அன்று மாணவர்களிடமிருந்து நான்கு அசல்களை வாங்கி வைத்துக்கொள்வது அந்த அனிமேஷன் கல்லூரியில் வழக்கம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், நடை. முதல் மூன்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். நடைக்கு ஜெராக்ஸ் கிடையாது.

முப்பிடாதி சங்கரன்கோவிலிலிருந்து சென்னைக்கு வந்திருந்தாள். அலுவலக மேசைவரை தன் காலால் நடந்து போனாள். நடையைப் பழுப்பு உறையில் போட்டு ஒட்டி, மேலே பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். திரும்பி வருவதற்குச் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று கொடுத்தார்கள்.

"எப்ப சார் திருப்பித் தருவீங்க?"

"நீங்களே ஒண்ணு செஞ்சு காட்டணும். அப்புறம் தருவோம்," என்றார் எழுத்தர் வரதராஜன்.

வரதராஜன் இடுப்புவரைதான் இருந்தார். மேசைக்குக் கீழே அவரைச் செய்யவில்லை. கேமரா பார்க்காத இடத்தை யாரும் மெனக்கெட்டுச் செய்வதில்லை என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். கல்லூரிக் கட்டடத்துக்கும் முன்பக்கம் மட்டுமே இருந்தது. பின்பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பியவர்கள் மறுபடி முன்பக்கமே வந்து சேர்ந்தார்கள். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் மாதம் பந்து. பந்து துள்ளுவதைக் கணினியில் ஒழுங்காகச் செய்து முடிக்கும்வரை மாணவர்களும் துள்ளித்தான் வகுப்புக்கு வர வேண்டும். முப்பிடாதி ரப்பர் பந்தாக வந்தாள். விழுப்புரத்துக்காரன் ஒருவன் எடையைத் தப்பாகக் கொடுத்து இரும்புக் குண்டாகிவிட்டான். அவனை இரண்டாம் மாடிக்கு ஏற்ற நான்கு பேர் தேவைப்பட்டார்கள்.

இரண்டாம் மாதம் மாவு மூட்டை. மூட்டை முதலில் வருத்தமாக இருக்க வேண்டும், பிறகு சந்தோஷமாக இருக்க வேண்டும். முகமோ கைகாலோ கிடையாது. மற்றவர்களுக்கு மண்டை காய்ந்தது. முப்பிடாதிக்கு அது சுலபமாக வந்துவிட்டது. அவளுடைய அம்மா சண்முகத்தாய் ரவிக்கை தைப்பவள். மெஷினில் குனிந்திருக்கும் அம்மாவின் முதுகைப் பார்த்தே, இன்றைக்குக் கோபமா இல்லையா என்று கண்டுபிடித்துப் பழகியிருந்தாள்.

மூன்றாம் மாதத்திலிருந்து நடை.

ஒரு விநாடிக்கு இருபத்துநான்கு படம். வலது காலால் ஓர் எட்டு, இடது காலால் ஓர் எட்டு. அவ்வளவுதான் நடை. அதை ஒருமுறை செய்துவிட்டால் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொள்ளலாம். முதல் வாரம் அவளிடம் இரண்டே படங்கள் இருந்தன. விடுதி வாசலில் ஒருமுறை தெரிந்தாள், அடுத்து வகுப்புக்குள் தெரிந்தாள். நடுவில் இல்லை. நடுவில் இல்லாத நேரங்களில் அவளுக்குக் கொஞ்சம் குளிராக இருந்தது. ஒவ்வொரு படமாகப் போட்டு இடைவெளியை நிரப்பிக்கொண்டே வந்தாள்.

பாடம் எடுத்த தணிகைவேல் சாருக்கு உதடுகள் பேச்சுக்கு அரை விநாடி பின்னால் வந்தன. வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

"கால் தரையில படுறப்ப உடம்பு கொஞ்சம் எறங்கணும்," என்றார் அவர். "எறங்கலைன்னா அது ஆள் இல்ல. ஆவி."

இன்னொன்றும் சொன்னார். எந்த அசைவுக்கும் முன்னால் அதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு சின்ன அசைவு உண்டு. குதிக்கிறவன் முதலில் குனிவான். எழுந்திருப்பவன் முதலில் பின்னால் சாய்வான். விலகிப் போகிறவர் முதலில் கொஞ்சம் கிட்ட வருவார். முப்பிடாதி இதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள். அதன் பிறகு தெருவில் யாரைப் பார்த்தாலும் அவள் கண்ணுக்கு அதுதான் பட்டது. இத்தனை வருடம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு என்னதான் பார்த்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கணினியில் செய்த நடை கல்லூரி சர்வர் எட்டும் தூரம்வரைதான் வேலை செய்யும். பேருந்து நிறுத்தம்வரை பாதகமில்லை. அதைத் தாண்டினால் ஆள் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நட்டுவைத்த மாதிரி நின்றுவிடுவார். தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பிய விழுப்புரத்துக்காரன் தாம்பரத்தில் அப்படித்தான் நின்றான். கல்லூரியிலிருந்து ஆள் போய்ச் சேர்வதற்குள் அவன் கைகளில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

ஆகவே முப்பிடாதி ஊருக்குப் போய் ஒரு வருடமாகப் போகிறது. ஊருக்குப் போக வேண்டும். அம்மாவோடு ரயிலில் உட்கார்ந்து போக வேண்டும். அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. ராத்திரி பகலாக உட்கார்ந்து நடையைச் செய்து முடித்தாள்.

தணிகைவேல் சார் அவளை வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தார்.

"ரெண்டு எட்டுக்கு ஒரு தடவ நிக்குது."

"நிக்குதா சார்?"

"மொதல் படமும் இருபத்தஞ்சாவது படமும் ஒண்ணு."

"ஆமா சார். தொடங்குன எடத்துலதான முடியணும்?"

"முடியணும். ஆனா கடைசியத் தூக்கிறணும். இல்லன்னா ஒரே படம் ரெண்டு தடவ வரும். கால் நிக்கும். எல்லாரும் பண்ற தப்புதான்." கடைசி வாக்கியத்தின் உதட்டசைவு வருவதற்குள் அவர் அடுத்த மாணவரிடம் போய்விட்டார்.

முப்பிடாதி இருபத்தைந்தாவது படத்தைத் தூக்கினாள். நடை எண்ணெய் போட்டதுபோல் ஓடியது. வராந்தாவில் நடந்தாள். வகுப்பு வந்தது. வகுப்பைத் தாண்டிப் போனாள். நிற்பதற்கு நடையில் ஓர் இடமும் இல்லை. வராந்தா அவளுக்காக நீண்டுகொடுத்தது. புதிதாகச் செய்ய நேரமில்லாததால் இருந்ததையே பிரதி எடுத்து ஒட்டினார்கள். சிவப்புத் தீயணைப்பு உருளை, காலண்டர், டீ டம்ளரோடு ஒரு மனிதர். மறுபடி உருளை, காலண்டர், மனிதர்.

ஒன்பதாவது தடவை கடக்கும்போது டீ குடிப்பவர், "எங்கம்மா போற?" என்றார்.

"வகுப்புக்கு."

"அது அப்பவே போயிருச்சே."

பதினான்காவது தடவை யாரோ கணினியில் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார்கள். முப்பிடாதி ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். அன்று மாலையே இருபத்தைந்தாவது படத்தைத் திரும்பச் சேர்த்துவிட்டாள். சார் சிவப்பு மையில் 'பிழை' என்று எழுதி, நூற்றுக்கு ஐம்பத்தெட்டு போட்டுத் தேர்ச்சி கொடுத்துவிட்டார். அவளுக்கு அதுவே போதும்.

அசலைத் திரும்ப வாங்கப் பெற்றோரில் ஒருவர் நேரில் வர வேண்டும். பழுப்பு உறைகளில் எழுதிய பெயர்கள் அழிந்துபோயிருந்தன. அது வருடாவருடம் நடப்பதுதான். வகுப்பின் பன்னிரண்டு உறைகளையும் பிரித்துப் பன்னிரண்டு நடைகளையும் கூடத்தில் விடுவார்கள். வந்தவர் தன் பிள்ளையின் நடையை அடையாளம் காட்ட வேண்டும்.

"மாத்திக் காட்டிட்டா சார்?" என்று கேட்டாள் முப்பிடாதி.

"காட்டினதுதான் ஆயுசுக்கும்," என்றார் வரதராஜன். "அசல் கூட்டக் காட்சிக்குப் போயிரும். திருவிழா, மாநாடு, போர்க்களம். யாருக்குக் கால் வேணுமோ அவங்களுக்கு மாட்டுவோம்."

முப்பிடாதி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

சண்முகத்தாய் வெள்ளிக்கிழமை காலை வந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப் கிடந்தது. ஊரில் கழற்ற மறந்து அப்படியே ரயிலேறிவிட்டாளாம்.

"மெலிஞ்சுட்டியேட்டி," என்றாள். "சாயங்கால ரயிலுக்கு ரெண்டு டிக்கெட்டு எடுத்துட்டேன். ஒனக்கு ஜன்னல் பக்கம்."

அம்மாவின் குரலைக் கேட்டதும் முப்பிடாதிக்கு அழுகை வந்தது. அதற்கு அவள் படம் போட்டு வைக்கவில்லை. கண்ணீர் இல்லாமல் சும்மா நின்றாள்.

அலுவலகத்தில் அம்மா மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"சார், கீழ ஒண்ணையும் காணமே?"

"தேவைப்படலம்மா," என்றார் வரதராஜன். பிறகு முப்பிடாதியிடம், "செஞ்ச நடையக் கழட்டிக் கொடுத்துருங்க. ஒரு ஆளுக்கு ஒரு நேரத்துல ஒண்ணுதான்," என்றார்.

கழற்றிக் கொடுத்தாள். பழையபடி சக்கர நாற்காலி வந்தது. மஞ்சள் சுடிதாரை ஒதுக்கிக்கொண்டு அதில் உட்கார்ந்து கூடத்தின் ஓரமாகத் தள்ளிக்கொண்டாள்.

பன்னிரண்டு உருவங்கள் வந்தன. எல்லாம் சாம்பல் நிறம். முகம் கிடையாது, உடுப்பு கிடையாது, காலடிச் சத்தம் மட்டும் உண்டு. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தன. முப்பிடாதியும் பார்த்தாள். அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. தன் நடையைத் தானே பார்த்தவர் யார்.

அம்மா இடுப்பில் கைவைத்து வெகுநேரம் நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

முப்பிடாதி நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். "எம்மா, நல்லாப் பாரும்மா."

"என்னத்தப் பாக்க? நீ நடந்து நான் எப்பம் பாத்தேன்? எப்பமும் எனக்குப் பின்னாலல்லா வருவ."

அது உண்மைதான். கடைத்தெருவுக்கு, கோயிலுக்கு, தைத்த துணியைக் கொடுக்க வீடுவீடாக, எங்கே போனாலும் அம்மா முன்னால். அம்மா திரும்பிப் பார்த்து அவளுக்கு நினைவில்லை. திரும்பிப் பார்க்காமலே, "வெரசா வா," என்பாள்.

"நேரம் ஆகுதும்மா," என்றார் வரதராஜன்.

அம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். முதலில் அரை எட்டு முப்பிடாதியின் பக்கம் வந்தாள். பிறகு திரும்பி, வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

உருவங்கள் பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தன. அம்மா ஐந்தாவது எட்டு வைக்கும்போது ஒன்று மட்டும் வரிசையிலிருந்து விலகியது. அவளுக்குப் பின்னால் மூன்று முழம் தள்ளிச் சேர்ந்துகொண்டது. இரண்டு எட்டு வைத்தது. ஒரு கண்ணிமைப்பு நின்றது. இரண்டு எட்டு, ஒரு நிற்றல்.

"இதான்," என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமல். "எழுதிக்கோங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"சின்னப் பிள்ளையில எஞ் செருப்ப மிதிச்சு வாரு அந்துட்டு. ஒரு அடி போட்டேன். அதுலருந்து ரெண்டு எட்டுக்கு ஒருக்க நின்னுதான் வருவா."

முப்பிடாதிக்கு அந்த அடி நினைவில் இல்லை. காலுக்கு இருந்திருக்கிறது. அவள் இருபத்தைந்தாவது படத்தைத் தூக்க மறக்கவில்லை. அது தப்பே இல்லை. சாரைக் கூப்பிட்டு ஐம்பத்தெட்டைத் திருத்தச் சொல்லலாம் போலிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பன்னிரண்டு பேரில் அம்மா தன்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

வரதராஜன் பதிவேட்டை நீட்டினார். 'பெற்றுக்கொண்டவர்' என்ற இடத்தில் அம்மா கையெழுத்துப் போட்டாள்.

"வாட்டி, ரயிலுக்கு நேரமாச்சு," என்றாள், பின்னால் நிற்பதிடம்.

அது போனது. வராந்தா வசதியாக நீண்டது. உருளை, காலண்டர், டீ குடிப்பவர். முதல் காலண்டரைத் தாண்டும்போது உருவத்துக்கு மஞ்சள் சுடிதார் வந்தது. இரண்டாவது காலண்டரில் சடை வந்தது. முகம் வந்ததா என்று தெரியவில்லை. அது முன்னால் போகிறவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கூப்பிட வேண்டும் என்று முப்பிடாதிக்குத் தோன்றியபோது அவர்கள் மூன்றாவது உருளையைத் தாண்டியிருந்தார்கள். கூப்பிட்டாலும் அம்மா திரும்புகிறவள் இல்லை. குனிந்து தன்னைப் பார்த்தாள். சுடிதார் சாம்பல் நிறமாக இருந்தது.

"சார், நான் இங்கதான் இருக்கேன்."

"தெரியுதும்மா. அசல் கொடுத்தாச்சு. கையெழுத்து ஆயிருச்சு."

"நான் என்ன செய்யணும்?"

"கூட்டக் காட்சியில பொது நடை ஒண்ணு இருக்கு. மூணாம் நம்பர். நெறையப் பேர் அதுலதான் போறாங்க. வேணுமா?"

"வேண்டாம் சார்."

"அடுத்தவங்க வாங்க," என்றார் வரதராஜன்.

முப்பிடாதி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். கணினியைப் போட்டாள். முதல் படத்தை வைத்தாள். அதையே பிரதி எடுத்து இருபத்தைந்தில் வைத்தாள். நடுவில் இருக்கும் இருபத்துமூன்றையும் இனிதான் செய்ய வேண்டும்.

ஆறரை மணிக்குப் போன் வந்தது.

"செங்கல்பட்டு தாண்டிட்டு," என்றாள் அம்மா. "டிக்கெட் செக்கர் வந்தாரு. இவளுக்கு வயசு என்னன்னாரு. இருவதுன்னேன். சரின்னு போயிட்டாரு."

"நான் ஜன்னல் பக்கமா இருக்கேன்?"

"ஜன்னல் பக்கந்தான். காத்து நல்லா வருது. இட்லிப் பொட்டலத்தப் பிரிச்சுக் குடுத்தேன். தொட மாட்டேங்கா. அங்கன நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்மா."

"அப்பம் சரி. அதான் பசிக்கல." ரயில் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினாள். "காலைல எறங்கும்போது கூட்டமா இருக்கும். நான் முன்னால போவேன்."

"சரிம்மா."

"செருப்ப மிதிச்சிராத."

"மிதிக்க மாட்டேன்," என்றாள் முப்பிடாதி.