மூன்று ஆமாம்

"வேணாம்னு சொல்றவங்கள நீ எப்படிம்மா சரின்னு சொல்ல வைப்பே?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அம்மா செய்யும் வேலையைப் பற்றி ஐந்து வரி எழுதி வரும்படி பள்ளியில் சொல்லியிருந்தார்கள். 'என் அம்மா போனில் பேசுவார்' என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதற்கு மேல் போக வழியில்லாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த அம்மா அதிகம் யோசிக்கவில்லை. "முதல்ல அவங்க சொல்றத நல்லாக் கேட்கணும் செல்லம். அப்புறம் அவங்களே சரின்னு சொல்லிடுவாங்க." மகள் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனாள். ஆசிரியை பக்கத்தின் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுக் கொடுத்தார். அந்த நோட்டு இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.

அதற்கப்புறம் ஐந்து வருடம் ஓடிவிட்டது. மாதத்தின் கடைசி நாளான இன்று, அலுவலகத்தின் பயிற்சி அறையில் பன்னிரண்டு பேரோடு உட்கார்ந்து தன் குரலையே ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தபோது, அம்மாவுக்கு அந்த நட்சத்திரம் நினைவுக்கு வந்தது.

வயதானவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பொத்தானை விற்கிற கம்பெனி அது. கீழே விழுந்தாலோ மூச்சு முட்டினாலோ பொத்தானை அமுக்கினால், படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டி வழியாக ஒரு குரல் "என்னங்க ஆச்சு?" என்று கேட்கும். அப்படிக் கேட்கிறவர்கள் வேறு மாடி. இவள் இருப்பது, இந்தச் சேவை வேண்டாம் என்று கூப்பிடுகிறவர்களை எடுக்கிற மாடி. வேண்டாம் என்று வந்தவரை வைத்துக்கொள்ளச் செய்துவிட்டால் அதற்கு அங்கே 'காப்பாத்துறது' என்று பேர். "இன்னைக்கு எத்தனை பேரக் காப்பாத்தின?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். "நம்மள யாரு காப்பாத்துறதாம்?" என்பாள் பக்கத்து சீட்டுக்காரி, தினமும் ஒரு தடவை.

ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் சிரிப்பு சார் நின்றுகொண்டிருந்தார். சூப்பர்வைசர். 'சிரிச்சுக்கிட்டே பேசுங்க, சிரிப்பு காதுக்குத் தெரியும்' என்று ஓயாமல் சொல்லுவதால் வந்த பேர். அவர் சட்டைப்பையில் எப்போதும் வயிற்றெரிச்சல் மாத்திரை அட்டை ஒன்று இருக்கும். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலே உள்ளவர் கேட்கிற எண்ணிக்கையை இவர் கீழே உள்ளவர்களிடம் கேட்கிறார், அவ்வளவுதான்.

"எல்லாரும் கவனிங்க. மனுஷ மனசு எப்படின்னா, ஒரு தடவை ஆமாம்னு சொன்ன வாய் அடுத்த தடவையும் ஆமாம்னுதான் சொல்லப் பார்க்கும். தான் முன்னாடி சொன்னதுக்கு மாறாப் பேச யாருக்கும் பிடிக்காது. சின்னதா மூணு ஆமாம் வாங்கிட்டீங்கன்னா நாலாவது தானா விழும். இந்த அக்கா எவ்வளவு அழகாப் பண்றாங்கன்னு கேளுங்க."

ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய குரல், தொண்டை கட்டியிருந்தது. எதிர்முனையில், மனைவியை இழந்த ஒரு பெரியவர்.

"அம்மா உங்களை நல்லாப் பார்த்துக்கிட்டாங்க இல்லீங்களா?"

"ஆமாம்மா."

"இப்ப நீங்க தனியாத்தான் இருக்கீங்க, இல்லீங்களா?"

"ஆமாம்."

"நீங்க பத்திரமா இருக்கணும்னுதானே அவங்களும் நினைச்சிருப்பாங்க?"

"ஆமாம்... நினைப்பா."

"அப்ப அந்தப் பெட்டி உங்களுக்காக இருக்கட்டுமேய்யா."

"சரிம்மா. இருக்கட்டும்."

புதிதாகச் சேர்ந்தவர்கள் இருவர் கை தட்டினார்கள். "ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு," என்றார் சிரிப்பு சார். "கடைசியில நமக்கு அஞ்சுக்கு அஞ்சு மார்க் வேற போட்டிருக்காரு. காப்பாத்தின ஆளுங்க பாதிப்பேர் மார்க் கேக்கறப்பவே போன வச்சிடுவாங்க."

அவளுக்கு ஏதோ இடித்தது. அந்த அழைப்பு இவ்வளவு சின்னதாக இருந்ததாக நினைவில்லை. "சார், அது இன்னும் நீளமா இருந்துச்சே?"

"ஆமாங்க. நடுவுல தேவையில்லாத பேச்சு கொஞ்சம் இருந்துச்சு. வெட்டிட்டேன்."

சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கீழே போனதும் அவள் தன் இடத்திலேயே உட்கார்ந்து டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த ரெக்கார்டிங்கை முழுதாகத் தேடி எடுத்தாள். ஏழு நிமிடம் இருந்தது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

முதல் இரண்டு நிமிடத்தில் பேசியது முழுக்கப் பெரியவர்தான். மனைவி இறந்து மூன்று மாதம் ஆகிறது. பொத்தான் அவளுக்காக வாங்கியது, இனி வேண்டாம். தனக்கு ஆள் இருக்கிறது, எதிர்வீட்டுத் தையல்காரர் தினமும் காலையில் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போகிறார். அதற்கப்புறம் பெரியவர் சொன்னார்: "விஷயம் என்னன்னா, ஒவ்வொரு மாசமும் ஒண்ணாந்தேதி காலையில ஒன்பது மணிக்கு உங்க மிஷினு போன் பண்ணுதும்மா. அவ பேரச் சொல்லிக் கூப்பிடுது. நலமா இருக்கீங்களா, நலம்னா பொத்தான அமுக்குங்கன்னு சொல்லுது. அமுக்கலேன்னா நிறுத்தாம அடிக்குது. நான்தான் அமுக்குறேன். நல்லா இருக்கான்னு..."

அந்த இடத்தில் அவர் நிறுத்தியிருந்தார். அந்த இடத்தில்தான் அவள் குரல் புகுந்திருந்தது, சிரித்துக்கொண்டே: "அம்மா உங்களை நல்லாப் பார்த்துக்கிட்டாங்க இல்லீங்களா?"

அவள் ரெக்கார்டிங்கை நிறுத்தினாள். அன்றைக்கு அவர் சொன்னது அவள் காதில் விழாமல் இல்லை. மறுமுனையில் பேச்சு நின்றால் அந்த இடைவெளியில் முதல் கேள்வியை வைக்க வேண்டும் என்பது பழக்கம். ஒன்பது வருடப் பழக்கம். அவள் அந்த இடைவெளிக்காகத்தான் காத்திருந்தாள். அதற்கு முன்னால் வந்த சொற்கள், பஸ் வரும்வரை கண்ணில் படுகிற கடைப்பலகைகள் மாதிரி, பட்டும் படாமல் போயிருந்தன.

மீண்டும் ஓடவிட்டாள். மூன்று ஆமாமும் வந்தன. 'இருக்கட்டுமேய்யா' என்று அவள் சொன்ன பிறகு பெரியவர் உடனே சரி சொல்லவில்லை. பதினோரு விநாடி அமைதி. அதில் அவளுடைய இருமல் மட்டும் கேட்டது. பிறகு அவர் கேட்டார்: "தொண்ட ரொம்பக் கட்டியிருக்கேம்மா. வெந்நி குடிச்சியா?"

"குடிக்கணுங்கய்யா."

"காலையிலேர்ந்து பேசிக்கிட்டே இருப்பே போல. நான் ஒண்ணு கேக்கட்டுமா? நான் இத வச்சுக்கிட்டா உனக்கு ஏதாவது நல்லது நடக்குமா?"

அவள் ஏதோ மழுப்பினாள். அவர் விடவில்லை. "சும்மா சொல்லு, தப்பில்ல." கடைசியில் அவள், எழுதிவைத்த பேச்சில் இல்லாத ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருந்தாள்: "பகல் ஷிஃப்ட் கிடைக்குங்கய்யா. பொண்ணு ஸ்கூல் விட்டு வர்றப்ப வீட்ல இருக்கலாம்."

"அப்படியா? சரிம்மா. இருக்கட்டும்."

அவள் ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கை தட்டினார்களே, எதற்குத் தட்டினார்கள்? அந்த மனிதரை யாரும் எதற்கும் இணங்க வைக்கவில்லை. மாதாமாதம் ஒரு காலை வேளையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுவதென்று முடிவு செய்து, அதை முகம் தெரியாத ஒருத்திக்குக் கொடுத்திருக்கிறார். போதாததற்கு அஞ்சுக்கு அஞ்சு. சுவரில் தொங்கிய பலகையைப் பார்த்தாள். முதல் இருபது பேருக்கு அடுத்த மூன்று மாதம் பகல் ஷிஃப்ட், மற்றவர்களுக்கு ராத்திரி வரை. அவள் இருபதாவது. இருபத்தோராவது ஆளுக்கும் அவளுக்கும் ஒரே ஒரு காப்பாற்றல்தான் வித்தியாசம்; சமமானால் வாடிக்கையாளர் போட்ட மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். பட்டியல் நாளை மதியம் ஒட்டுவார்கள். அதற்கு முன், நாளை காலை ஒன்பது மணிக்கு மிஷின் அந்த வீட்டுக்குப் போன் பண்ணும்.

வீட்டுக்கு வந்தபோது நாலேகால். மகள் யூனிஃபார்மோடு சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அப்பா லாரியில் போனால் பத்து நாளோ பதினைந்து நாளோ, வீட்டில் இவர்கள் இருவர்தான். அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, நான் பொய் சொல்ல மாட்டேன்தானே?"

"ம்."

"ம் இல்ல. ஆமாம்னு சொல்லு."

"ஆமாம்."

"போன பரிட்சையில கணக்குல எம்பத்தெட்டு எடுத்தேன்தானே?"

"ஆமாம்டி, அதுக்கென்ன?"

"சொன்ன வேலையெல்லாம் செய்றேன்தானே?"

"பாதி செய்றே. சரி, ஆமாம்."

"அப்ப மாடிப்படிக்குக் கீழ இருக்கிற பூனைக்குட்டிய நாமளே வச்சுக்கலாம்ல?"

அம்மா அப்படியே சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். சிரிப்பு வந்தது. "இப்படிக் கேக்கணும்னு யாருடி உனக்குச் சொல்லிக்கொடுத்தா?"

"நீதான். டான்ஸ் கிளாஸ விட மாட்டேன்னு நான் அழுதேன்ல, அப்ப நீ இப்படித்தான் கேட்ட. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். மூணு ஆமாம் சொன்னேன். நாலாவதா கிளாஸ விட்டுட்டேன்."

"எண்ணினியா? அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியுமே."

"தெரிஞ்சும் ஏன்டி சரின்னு சொன்னே?"

மகள் சாக்ஸை இழுத்துக் கழற்றிக்கொண்டே, பெரிய விஷயம் ஒன்றும் இல்லாதது போலச் சொன்னாள். "நீ ரொம்ப டயர்டா இருந்தம்மா."

அம்மா அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள். இத்தனை வருடம் தன் சாமர்த்தியம் என்று நினைத்ததில் எத்தனை பங்கு மற்றவர்களின் இரக்கம் என்று அவளுக்கு எண்ணிப் பார்க்கத் தோன்றியது. எண்ணி முடிகிற கணக்காகத் தெரியவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள்.

"எத்தனாவது கேள்வி?"

"ஒரே கேள்விதான். அடுத்த மூணு மாசம் நான் ராத்திரி பத்து மணிக்குத்தான் வருவேன்னு ஆச்சுன்னா, நீ என்ன பண்ணுவே?"

மகள் பேசாமல் இருந்தாள். அம்மா அந்த இடைவெளியில் எதையும் வைக்கவில்லை. அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. வாய் தானாகத் திறந்து திறந்து மூடியது. பத்து, பதினைந்து விநாடி போயிருக்கும்.

"பயமா இருக்கும்," என்றாள் மகள். "கீழ்வீட்டு அத்தை வீட்டுக்குப் போயி படிப்பேன். அத்தை டிவி சத்தமா வைப்பாங்க. ஆனா பரவால்ல." கொஞ்சம் யோசித்து, "பூனை இருந்தா பயம் கொஞ்சம் கம்மியா இருக்கும்," என்றாள்.

இந்த முறை அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். இருமலும் கூடவே வந்தது.

மறுநாள் எட்டு இருபதுக்கே அவள் அலுவலகத்தில் இருந்தாள். மாடி காலியாகக் கிடந்தது. தரை துடைக்கிறவர் அந்தக் கோடியில் வாளியை நகர்த்திக்கொண்டே படியிறங்கிப் போனார். வழியில் அவள் கடவுளிடம் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. வழக்கமாக ஒரு பெரிய பட்டியலே இருக்கும். இன்று, ஒருவர் சொல்வதை முழுதாகக் கேட்டால் போதும், அதுவே வேண்டிக்கொண்டதாக ஆகட்டும் என்று விட்டுவிட்டாள்.

வாடிக்கையாளர் தெளிவாக வேண்டாம் என்று சொன்னது ரெக்கார்டிங்கில் பதிவாகியிருந்து, அதைப் பணியாளர் தவறாகப் பதிந்திருந்தால், ஒரு மாதத்துக்குள் அதே பணியாளர் திருத்தலாம். அதற்கென்று ஒரு படிவம் கணினியில் உண்டு. தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ள யார் வருவார்கள்? ஒன்பது வருடத்தில் அதைத் திறந்தவர்களை அவள் கண்டதில்லை, அது போய்ச் சேரும் இடத்தில் அதைப் படிப்பவர் யாராவது உண்டா என்றும் தெரியாது. 'காரணம்' என்ற இடத்தில் முதலில் 'பணியாளர் பிழை' என்று அடித்தாள். அது போதும்தான். ஆனாலும் விரல் நிற்கவில்லை. 'வாடிக்கையாளர் இரண்டாம் நிமிடத்திலேயே காரணத்தைச் சொல்லிவிட்டார். நான் கேட்கவில்லை' என்று சேர்த்தாள்.

கட்டத்துக்குக் கீழே கணினி எச்சரித்தது: இந்தக் காப்பாற்றலும் இதற்கு வந்த மதிப்பெண்ணும் உங்கள் கணக்கிலிருந்து நீக்கப்படும். தொடரவா?

அவள் ஆமாம் என்பதை அழுத்தினாள்.

திரையில் வாடிக்கையாளர் பெயருக்குப் பக்கத்தில், சேவை ஓடுகிறது என்று காட்டும் பச்சைப் புள்ளி உடனே மாறவில்லை. ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எட்டு நாற்பது. எட்டு நாற்பத்தாறு. படியில் பேச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பக்கத்து சீட்டுக்காரி வந்து பையை மாட்டிவிட்டு, "என்ன, விடிஞ்சதும் வந்து யாரக் காப்பாத்திக்கிட்டு இருக்கே?" என்றாள். "யாரையும் இல்ல," என்றாள் இவள், திரையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு. சிரிப்பு சார் மாத்திரையைச் சப்பிக்கொண்டே பலகைப் பக்கம் போனார்.

எட்டு ஐம்பத்தொன்றுக்குப் பச்சைப் புள்ளி சாம்பல் நிறமானது.

அவள் ஃபிளாஸ்கைத் திறந்து மூடியில் வெந்நீர் ஊற்றிக்கொண்டாள். சூடு தொண்டையில் இறங்கியது. ஒன்பது அடித்ததும், மேல்மாடி மிஷின் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளைக் கூப்பிட ஆரம்பித்திருக்கும். பல படுக்கைகளின் பக்கத்தில் மணி அடித்துக்கொண்டிருக்கும். ஒரு வீட்டில் மட்டும், எதிர்வீட்டுத் தையல்காரர் கதவைத் தட்டிவிட்டுப் போன பிறகு, பெரியவர் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் கட்டில் ஓரமாக உட்கார்ந்து விரலைத் தயாராக வைத்துக்கொண்டிருப்பார். ஒன்பது ஒன்று ஆகும். ஒன்பது இரண்டு. பெட்டியின் விளக்கு அணைந்திருப்பதை அவர் எப்போது கவனிப்பாரோ.

அவள் மூடியைத் திருகி வைத்தாள். ஹெட்செட்டில் அன்றைய முதல் அழைப்பு வந்து நின்றது. யாரோ ஒரு பெண் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல், பேசாமல் இருந்தாள்.

இவளும் பேசாமல் இருந்தாள்.